ஏரிக்கரையில கட்டப் போறீங்களா, முதல்ல ஏரியைப் பாருங்க

ஏரிக்கரையில ரிட்ரீட், அதாவது மனசு ஆறத் தங்குற இடம், டிசைன் பண்ணித் தாங்கன்னு வர்றவங்க போன்ல காட்டுற படம் பெரும்பாலும் ஒண்ணுதான். தண்ணியை ஒட்டி நீளமா கண்ணாடிச் சுவர், முன்னாடி மரப்பலகை டெக், ஓரத்துல ஒரு நீச்சல் குளம். ஏரியை வச்சுக்கிட்டு நீச்சல் குளம் எதுக்குங்க? ஏன்னா அந்த ஏரியில காலை நனைக்க முடியாது, பச்சைப்பசேல்னு பாசி பிடிச்சு நாறுது.

சீக்கா கிடக்குற தண்ணிக்குப் பக்கத்துல மனசு ஆறணும்னு கட்டடம் எழுப்புறதுல என்னங்க அர்த்தம் இருக்கு? மொதல்ல ஏரி தேறணும்.

அந்தப் பச்சை எங்கிருந்து வருதுன்னு 1973லயே கனடாவுல காட்டிட்டாங்க. 226ங்கற நம்பர் வச்ச ஒரு ஏரியை நடுவுல திரை கட்டிப் பிரிச்சாங்க, ரெண்டு பக்கமும் கார்பன், நைட்ரஜன் போட்டாங்க, ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸும் போட்டாங்க, அந்தப் பக்கம் மட்டும் பச்சையாப் போச்சு. பாஸ்பரஸ் நம்ம கக்கூஸ் தண்ணியிலயும் இருக்கு, வயலுக்குப் போடுற உரத்துலயும் இருக்கு. அதனால ப்ளான்ல நான் போடுற முதல் கோடு ரூமுக்கு இல்ல, கழிவுத் தண்ணி எந்தப் பக்கம் போகும்ங்கறதுக்கு. ஏரிக்கு எதிர்ப்பக்கம் போகணும், அவ்வளவுதான்.

அடுத்தது கரை. க்ளீன் பண்றோம்னு கோரையைப் பூரா வழிச்சு எடுத்துட்டு கல்லு அடுக்கிச் சுவர் கட்டுறாங்க பாருங்க, அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். மேட்டுல இருந்து ஓடி வர்ற தண்ணியில உள்ள சேறையும், பாஸ்பரஸ் மாதிரி சத்தையும் பிடிச்சு வைக்கிறதே அந்தக் கோரைதான். விடியக்காலையில கொஞ்ச நேரம் குந்தி உக்காந்து பாருங்க, தும்பியோட குஞ்சு தண்ணிக்குள்ள இருந்து கோரைத் தண்டைப் பிடிச்சு மேல ஏறும், முதுகு வெடிக்கும், கசங்கின றெக்கையோட வெளிய வந்து காயுறவரைக்கும் அசையாம நிக்கும், பறந்தப்புறம் அந்தக் காலிச் சட்டை மட்டும் தண்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். செங்குத்தா கல் சுவரா நின்னா அது எதைப் பிடிச்சு ஏறும்?

வியூ வேணாமான்னு கேப்பாங்க. வேணும். ஆனா ஒரு சுவர் முழுக்க வேணாம். ரோஜர் உல்ரிச் 1984ல வெளியிட்ட ஆய்வுல, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவர் மட்டும் தெரிஞ்சவங்களைவிட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க. சாதாரண ஆஸ்பத்திரி ஜன்னல்தான் அது. பின்லாந்துல பைமியோ சானடோரியம்ங்கற காசநோய் ஆஸ்பத்திரியைக் கட்டின ஆர்க்கிடெக்ட் ஆல்வார் ஆல்டோ, பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கெடக்கூடாதுன்னு தண்ணி விழுந்தா சத்தம் வராத மாதிரி வாஷ்பேசினை வடிவமைச்சாரு. உடம்பு தேறுற இடத்துக்கு இந்த அளவு நுணுக்கம்தான் வேணும், பிரம்மாண்டம் இல்ல.

இலங்கையில ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா 1948ல ஒரு ஏரிக்கரையில பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கி லுனுகங்கான்னு பேர் வச்சாரு, அம்பது வருஷமா அதைக் கொஞ்சம் கொஞ்சமா செதுக்கிக்கிட்டே இருந்தாரு. அவர் கட்டின கந்தலமா ஹோட்டல் ஏரியில இருந்து தள்ளி, பாறையோட பாறையா ஒட்டி நிக்குது, மேல கொடி ஏறி மூடிக்கிச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டடம் அது.

இப்ப கையில இருக்குற வேலையில கரையில இருந்து நூறு அடி தள்ளித்தான் எதுவும்னு பேசி வச்சிருக்கேன். நடுவுல ஒத்தையடிப் பாதை மட்டும், அதுலயும் ராத்திரி லைட் முழங்காலுக்குக் கீழ. க்ளையண்ட்டுக்கு அவசரம், புரியுது. ஆனா ஒரு மழைக்காலம் போகட்டும்னு கேட்டிருக்கேன், தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு பாக்க கரை நெடுக குச்சி நட்டு வச்சிருக்கோம்.