மாதம் ஆயிரம் ரூபாயா, வேலை செய்ய ஒரு தாளா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் ஒருவன் எழுதியிருந்தான்: "அகதி முகாம்ல எல்லாமே ஃப்ரீ. நாமதான் வரி கட்டியே சாகணும்." பாதிப் பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அங்கேயே பதில் எழுதினால் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் சண்டை தொடரும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அந்த "எல்லாமே" எவ்வளவு என்று பார்ப்போம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பதிவு பெற்ற குடும்பத்துக்கு மாதாமாதம் பணக்கொடை உண்டு. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தபோது கூட்டிய தொகை இது. அதற்கு முன்பு 1,000, 750, 400. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். ரேஷன் அரிசி தனி. ஒண்டுவதற்கு வீடு உண்டு. பல முகாம்களில் அது பத்துக்குப் பத்து அறையாகத்தான் முப்பது வருடம் இருந்தது. பழுதான 7,469 வீடுகளைத் திரும்பக் கட்டுவதாக அதே திட்டத்தில்தான் அறிவித்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனால் என் பேச்சு தொகையைப் பற்றி இல்லை. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குப் பணத்தைவிட எது முக்கியம் என்று தினமும் பார்த்திருக்கிறேன். கணக்குத் தொடங்க வருபவரிடம் கடவுச்சீட்டு இருக்கிறதா, வாக்காளர் அட்டை இருக்கிறதா, ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று கேட்போம். முகாம் அடையாள அட்டை அந்தப் பட்டியலிலேயே கிடையாது. "ஐயா, இது கவர்மெண்ட் தந்த அட்டைதானே?" என்று கேட்பார்கள். அரசு தந்ததுதான். ஆனால் அந்த அட்டையை வைத்து அரசு வங்கியில் ஒரு கணக்குத் தொடங்க முடியாது. ஆதார் வந்தபிறகு இந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. கடன் என்று வந்தால் மட்டும் மேலாளர் முகம் மாறிவிடும். நாளைக்கு இவர் எந்த ஊரில் இருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது?

சென்னைக்குள் இதைப் புரிந்துகொள்ள இன்னும் ஒன்று தெரிய வேண்டும். 2021இல் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்ந்தவர்கள் 34,087 பேர். வளசரவாக்கம், விருகம்பாக்கம், போரூர் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்களே, அவர்கள் இந்த இரண்டாவது கணக்கு. இவர்களுக்கு மாதப் பணம் கிடையாது, முகாம் அரிசி கிடையாது, வீடும் கிடையாது. அதாவது உதவி ஆளுக்கு இல்லை, முகாமுக்கு. முகாமைவிட்டு வேலை இருக்கிற ஊருக்குக் குடிபோனால் உதவி அங்கேயே நின்றுவிடும். முகாமில் இருப்பவரும் தலை எண்ணும் நாளில் வரிசையில் நிற்க வேண்டும். தொடர்ந்து தவறினால் பட்டியலில் இருந்து பெயர் போகும். பெயரைத் திரும்பச் சேர்க்க வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், காவல்துறையின் க்யூ பிரிவு என்று அலைய வேண்டும். முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயின்ட் வேலை பார்ப்பவர்கள். வெளியூர் காண்ட்ராக்ட் கிடைத்தால் கூலி கொஞ்சம் கூடும். தலை எண்ணும் நாளுக்கு ஓடி வந்தால் அந்தக் கூலி போச்சு. சோம்பேறிகளாக்கி வைத்திருக்கிறோம் என்று பேசுகிறவர்கள், ஒரு மனிதனை இடத்தைவிட்டு நகரவிடாமல் கட்டி வைத்தது யார் என்றும் யோசிக்க வேண்டும்.

சரி, வேறு எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். வெளிநாட்டு உதாரணம் எல்லாம் அப்புறம். இதே சென்னையில் செய்திருக்கிறோம்.

1962இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வட்டித் தொழில், கடை, கூலி வேலை என்று இருந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கையில் நகையும் பணமும் கொண்டுவர விடவில்லை. அவர்களுக்கு நாம் வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். வந்தவர்களுக்குத் தொழில் கடன் கொடுத்தார்கள், குடியிருக்க இடம் கொடுத்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969இல் கடை போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். அதுதான் பர்மா பஜார். வியாசர்பாடிப் பக்கம் ஒரு குடியிருப்பே உருவானது. அவர்கள் கொண்டுவந்த பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடை சென்னை முழுக்கப் பரவிவிட்டது. அதைச் சாப்பிடும் பையன்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? இன்று நாம் நகைக்கடன் வாங்கப் போகிற ரெப்கோ வங்கி, 1969இல் தாயகம் திரும்பியவர்களுக்கென்றே தொடங்கிய வங்கி. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களுக்காக நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. டான்டீ என்ற அரசு நிறுவனம் அப்படி வந்ததுதான்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். மலையகத்தில் இருந்து வந்தவர்களைத் தரகர்கள் ஏமாற்றினார்கள். கடன் பணத்தைக் கண்ணால் பார்க்காதவர்களும், கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாக மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அடிப்படை சரியாக இருந்தது. வந்து இறங்கிய நாளே அவர் இந்தியர். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எந்த வேலையும் பார்க்கலாம், சொந்தமாகச் சொத்து வாங்கலாம். அரசு கொடுத்தது கொஞ்ச காலத்துக்கான உதவி, கூடவே என்றைக்கும் செல்லுகிற தாள், அதாவது குடியுரிமை.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு இதைத் தலைகீழாகச் செய்தோம். நாற்பது வருடமாக மாதப் பணம் தருகிறோம், தாள் மட்டும் தரவில்லை. இதில் ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். இந்தியாவுக்குத் திரும்ப ஒப்பந்தப்படி மனுப்போட்டுக் காத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனது. கப்பல் ஓடியபோது வந்த அண்ணன் தாயகம் திரும்பியவர். நின்றபின் கள்ளத்தோணியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தம்பி அகதி, சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இப்படிப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

வெளிநாட்டு உதாரணத்துக்கு வருகிறேன். அமெரிக்கா ஓர் அகதியைத் தேர்ந்தெடுத்து அழைத்துக்கொண்டால், விமான நிலையத்துக்கே ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள் வருவார். முதல் 90 நாள் வீடு, பாத்திரம் பண்டம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. பிறகு சில மாதம் பண உதவி. பன்னிரண்டு மாதமாக இருந்ததை 2025இல் நான்காகக் குறைத்துவிட்டார்கள். வந்த நாள் முதல் வேலை பார்க்கலாம், ஒரு வருடத்தில் கிரீன் கார்டுக்கு மனுப் போடலாம். கனடாவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்று ஒரு வருடம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு 1970களின் கடைசியிலேயே வந்துவிட்டது. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று யாரும் ஏமாற வேண்டாம். 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற கையோடு அமெரிக்கா அகதிகளை அழைத்துக்கொள்வதையே நிறுத்தியது. உலகத்தில் இருக்கும் அகதிகளில் இப்படி இன்னொரு நாட்டில் குடியமர்த்தப்படுபவர்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் முறையைப் பாருங்கள். உதவிக்குக் கெடு வைக்கிறார்கள், வேலை செய்யும் உரிமைக்கு வைப்பதில்லை. நம் பர்மாக்காரர்கள் கதையும் இதேதான்.

இப்போது புதிதாக வந்தவர்கள் நிலைமை. 2022 மார்ச்சில் இலங்கையில் பால்மாவு இல்லை, கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. தலைமன்னாரில் இருந்து படகில் குடும்பம் குடும்பமாகத் தனுஷ்கோடிக்கு வந்தார்கள். படகோட்டி கரைக்கு வராமல் நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். குழந்தைகளோடு அங்கே தவித்தவர்களைக் கடலோரக் காவல்படை போய் மீட்டது. அப்புறம் விசாரணை, அப்புறம் மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்பும் முன் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த அதே மண்டபம் முகாம். அங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளும் பிறகு அங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

இவர்களை மத்திய அரசு அகதிகளாக ஏற்கவில்லை. மாநில அரசு சோறு போட்டது, இடம் கொடுத்தது. பதிவு இல்லாததால் மாதப் பணக்கொடை இல்லை. வெளியே போய் வேலை பார்க்கவும் வழியில்லை. வெறுத்துப்போய்த் திரும்பியவர்களும் உண்டு. முகாமில் நீண்ட காலம் இருப்பவருக்கு உதவி இருக்கிறது, தாள் இல்லை. புதிதாக வந்தவருக்கு இரண்டுமே இல்லை. ஆளுக்கு எது அவசரமாக வேண்டுமோ அந்த முதல் ஆறு மாதத்தில்தான் நாம் கையை விரிக்கிறோம்.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்காகத் தண்டனை இல்லை என்கிறது அது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தண்டனை இல்லை என்பது குடியுரிமை ஆகாது. அந்தத் தேதியால் 2022இல் வந்தவர்கள் அப்படியே வெளியே நிற்கிறார்கள். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. எல்லாமே அரசாணைதான். ஆட்சி மாறினால், அதிகாரி மாறினால், மனம் மாறினால் அதுவும் மாறும். கேளம்பாக்கத்தில் பழைய புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பல வருடமாக இருக்கிற ரோஹிங்கியா குடும்பங்களைப் பாருங்கள். பழைய பொருள் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது ஐ.நா. அகதிகள் அமைப்பின் அட்டை ஒன்றுதான். இலங்கைத் தமிழர் என்பதால் நமக்கு வரும் இரக்கம் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் டெல்லி கையில், மாநிலம் என்ன செய்யும் என்பார்கள். குடியுரிமை டெல்லி கையில்தான். ஆனால் மாநில அரசு அதிகாரிகள் சேப்பாக்கம் எழிலகத்தில் உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மண்டபத்தில் 2022 முதல் இருப்பவர்களுக்கு மாநிலத்தின் சொந்தக் கணக்கில் இருந்து பணக்கொடை தரலாம். சில நூறு பேர், ஒரு மேம்பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கிற செலவுகூட வராது. வேலைக்காக முகாமைவிட்டுச் சென்னைக்கு வருகிற குடும்பத்துக்கு முதல் ஒரு வருடமாவது அதே தொகையை வங்கிக் கணக்கில் போடலாம். தலை எண்ணும் முறையை நிறுத்திவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தால் போதும் என்று சொல்லலாம். கூட்டுறவு வங்கிகள் முகாம் அட்டையை ஏற்றுச் சின்னத் தொழில் கடன் தரும்படி அரசே உத்தரவாதம் நிற்கலாம். தாயகம் திரும்பியவர்களுக்குக் கடன் கொடுத்த விதிகள் பழைய கோப்புகளில் கிடக்கும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அப்புறம் நாம். சென்னையில் வாடகை வீடு என்றால் பத்து மாத அட்வான்ஸ் என்று பழகிவிட்டோம். எட்டாயிரம் ரூபாய் வாடகை வீட்டுக்குக் குடிபோக எண்பதாயிரம் முன்பணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. யார் மதிக்கிறோம்? இலங்கைத் தமிழர் என்று தெரிந்ததும் "போலீஸ் தொந்தரவு வரும் சார்" என்று கதவைச் சாத்துகிறவர்களை என் தெருவிலேயே பார்க்கிறேன். வீடு தேடும்போது மட்டும் தங்கள் பேச்சை மாற்றிச் சென்னைத் தமிழ் பேசுகிறார்கள், பாவம். அவர்கள் ஏற்கெனவே காவல் நிலையத்தில் பதிந்தவர்கள். உங்கள் மற்ற குடித்தனக்காரர்களைவிட அவர்களைப் பற்றித்தான் போலீஸுக்கு அதிகம் தெரியும்.

போரூர், வளசரவாக்கம், இராமாபுரம் பக்கம் மூன்று மாத அட்வான்ஸில் வீடு தரக்கூடியவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் இப்போதே தேடிக்கொண்டிருக்கின்றன. இரண்டிலும் ஆண்கள் பெயின்ட் வேலை, ஒரு வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண் இருக்கிறாள். பள்ளிக்குப் பஸ் வசதி இருந்தால் நல்லது.