ஃபீட்பேக் மார்க்கும் படிப்பும் ஒன்றல்ல

"பாடம் நடத்திய ஆசிரியருக்கு மாணவர்கள் தரும் ஃபீட்பேக் மார்க் அதிகம் என்றால் அந்த ஆசிரியரிடம் நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்" என்று சிலர் சொல்வதுண்டு. அது அப்படியே சரியில்லை.

அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில்தான் வகுப்புகளுக்குப் பிரிப்பார்கள். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். அதனால் ஒப்பிடுவது நியாயமாக இருக்கும். அங்கே கால்குலஸ் (நுண்கணிதம்) பாடத்தை ஆராய்ந்து 2010-ல் வெளியான முடிவு இது: மாணவர்கள் ஃபீட்பேக்கில் அதிக மார்க் போட்ட ஆசிரியர்களின் வகுப்பு அந்தப் பருவத் தேர்வில் நன்றாகவே எழுதியது. ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த கணித, பொறியியல் பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்த அடுத்தடுத்த பாடங்களில் முந்தினார்கள்.

மாணவர்களின் திருப்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறுப்போடு உட்கார்ந்திருப்பவனுக்குப் பாடம் ஏறாது, அது உண்மை. ஆனால் மாணவனை யோசிக்க வைத்து வேலை வாங்கும் ஆசிரியரை ஃபீட்பேக் படிவத்தை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள்.