குரோனிங்கனில் எரிவாயு தீர்ந்துபோகவில்லை

"எரிவாயு தீர்ந்துபோனதால்தான் நெதர்லாந்து குரோனிங்கன் எரிவாயு வயலை மூடியது, இப்போது அந்த நாட்டில் யாரும் எரிவாயு பயன்படுத்துவதில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

குரோனிங்கனில் நிலத்தடியில் இன்னும் சுமார் 450 பில்லியன் கன மீட்டர் இருக்கிறது. மூடியதற்குக் காரணம் நிலநடுக்கம். 1963 முதல் எடுக்க எடுக்க மணற்பாறையில் அழுத்தம் குறைந்தது, பாறை இறுகியது, பழைய பிளவுகள் நழுவின. 2012 ஆகஸ்டில் ஹாய்சிங்கே கிராமத்தில் 3.6 அளவுக்கு அதிர்ந்தது. எண் சின்னதுதான், ஆனால் மையம் வெறும் 3 கிலோமீட்டர் ஆழத்தில். செங்கல் வீடுகளின் சுவர்கள் விரிந்தன. அரசுக்கு இந்த வயலால் கிடைத்த வருமானம் சுமார் 363 பில்லியன் யூரோ. அந்த மக்களோ இழப்பீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். அவர்களுடைய நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று 2023 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவே சொன்னது. "தீர்ந்துபோச்சு" என்று ஒரே வரியில் முடித்தால் இதெல்லாம் மறைந்துபோகிறது.

உற்பத்தி நின்றது 2023 அக்டோபர் 1 அன்று. நிரந்தரமாக மூடும் சட்டம் 2024 ஏப்ரலில்தான் வந்தது.

சரி, பயன்பாடு? நெதர்லாந்தின் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது இன்றும் எரிவாயுதான். வட கடலின் சிறு வயல்களிலிருந்தும் இறக்குமதியாகவும் வருகிறது. 2018 ஜூலை முதல் புது வீடுகளுக்குத்தான் பொதுவாக எரிவாயு இணைப்பு இல்லை. பழைய வீடுகளை மாற்ற வரியைக் கையில் எடுத்திருக்கிறார்கள்: எரிவாயு மீது கூட்டி, மின்சாரத்தின் மீது குறைத்து, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்பப் பம்பு பக்கம் மக்களைத் திருப்பப் பார்க்கிறார்கள்.