மெரினா பலூனிலிருந்து 10 மீட்டர் வரை

பேரப்பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெரினாவில் பலூன் சுட்ட பேத்தி இன்னும் வேண்டும் என்று அடம்பிடித்ததால் 10 மீட்டர் ஏர் ரைபிள் (10 மீட்டர் தள்ளியுள்ள இலக்கைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் சுடுவது) பயிற்சியில் சேர்த்தோம். முதல் இரண்டு வாரம் ஒரு பெல்லட்கூட (அதில் போடும் சின்னக் குண்டு) தரவில்லை. நிற்பது, மூச்சை அடக்குவது, சுடாதபோது குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கயிற்றை அதற்குள் செருகி வைப்பது, இவ்வளவுதான். உட்கார்ந்து பார்த்த எனக்குத்தான் சலித்தது, அவளுக்கு இல்லை! இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், பெல்லட்டோ 4.5. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடும் பிரிவும் இதுதான். செலவுதான் இடிக்கிறது, சொந்தமாக வாங்காமல் பயிற்சி இடத்துத் துப்பாக்கியிலேயே பழகுகிறாள். கனம் என்பதால் இப்போதைக்கு ஸ்டாண்டில் தாங்கித்தான் சுடுகிறாள். அப்புறம், தம்பியை நோக்கிப் பொம்மைத் துப்பாக்கி நீட்டுவதைக்கூட இப்போது விட்டுவிட்டாள்.