எப்படிக் குடிக்கிறார் என்று கேளுங்கள்

வீட்டில் தினமும் குடிக்கிறவர் யாராவது கை கால் முறிந்தோ, ஆபரேஷனுக்கோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், தயவுசெய்து அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். கேட்டால் "எப்பவாவது, விசேஷத்துல மட்டும்" என்று சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம். மானம் போய்விடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் அந்த ஒரு பொய் என்ன செய்யும் என்பது மூன்றாம் நாள் ராத்திரி தெரியும்.

நான் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். தொடை எலும்பு முறிந்து ஒருவர் வந்தார். அலுவலக வேலை, நெற்றி நிறைய விபூதி, வாங்க போங்க என்று மரியாதையான பேச்சு. முதல் நாள் சாயங்காலமே கை லேசாக நடுங்கியது. கேஸ் ஷீட்டில் குடி பற்றி எதுவும் இல்லாததால் வலி நடுக்கம் என்றே எழுதப்பட்டது. மறுநாள் பொட்டுத் தூக்கமில்லை, சட்டை நனைய வியர்வை. மூன்றாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். எறும்பாம். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, செத்துப்போன தன் அண்ணனோடு பேச ஆரம்பித்துவிட்டார். முறிந்த காலோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தவரை நாலு பேர் சேர்ந்து பிடித்தோம். அவர் மனைவி, காத்து கருப்பு அடிச்சிருக்கு, மந்திரிக்கணும் என்று அழுதார். தனியாக அழைத்துக் கேட்டபோதுதான் சொன்னார்: "தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டருங்க சிஸ்டர். காலைல எந்திரிச்சதும் கொஞ்சம். ஆனா ஒருநாள்கூட தள்ளாடி நான் பாத்ததில்ல."

தள்ளாடாததால் அவர் குடிகாரர் இல்லை. நம் ஊர்க் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. வேட்டி அவிழ்ந்து ரோட்டில் கிடப்பவர், பெண்டாட்டியை அடிப்பவர், தாலியை அடகு வைப்பவர், அவர்தான் குடிகாரர். மற்ற எல்லோரும் "அளவாக" குடிப்பவர்கள்.

வருடக்கணக்கில் தினமும் குடிக்கும் உடம்பில் நடப்பது வேறு. சாராயம் மூளையை மந்தப்படுத்துகிறது, மூளை அதை எதிர்த்துத் தன்னை முடுக்கிக்கொள்கிறது. ஒரு கதவை இரண்டு பக்கமும் ஆள் நின்று தள்ளுவது போலத்தான். ஒரு பக்கத்து ஆள் சட்டென்று விலகினால் மற்றவர் என்ன ஆவார்? கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இந்தப் பிதற்றல். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்துப் பத்திரமாகக் கடத்திவிடலாம். இன்னொன்று, சாப்பிடாமல் குடித்துக் கிடந்தவருக்குத் தெம்புக்காக ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறோமே, அதற்கு முன்போ அதோடு சேர்த்தோ பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும். பி1 இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் ஞாபகசக்தி நிரந்தரமாகக் கெடக்கூட வழியுண்டு.

குடியில் வகை உண்டு என்று 1960-லேயே ஜெல்லினெக் என்ற ஆய்வாளர் எழுதினார். ஒயின் குடிக்கும் பிரான்ஸில் பலர் நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார்கள், நிதானம் தவறாது, ஆனால் ஒருநாள்கூட குடிக்காமல் இருக்க முடியாது. எங்கள் வார்டுக்காரர் அந்த ரகம். இன்னொரு ரகம், ஒரு வாய் உள்ளே போனால் நிறுத்தவே முடியாதவர்கள். இந்த ரகங்களுக்கு ஜெல்லினெக் வைத்த பெயர்களை டாக்டர்கள் இன்று அப்படியே பயன்படுத்துவதில்லை. 2013-ல் வந்த அமெரிக்க மனநல வரையறையில் 11 அறிகுறிகள், எத்தனை இருக்கிறது என்று பார்த்து லேசானது, நடுத்தரம், தீவிரம் என்கிறார்கள். ஒரே ஆள் காலப்போக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் உண்டு. அதனால் ரகம் பிரிப்பது முத்திரை குத்துவதற்கு இல்லை, என்ன செய்வது என்று தெரிவதற்கு.

சனிக்கிழமை மட்டும் குடிக்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராம் குடித்தாலே அது அளவு மீறிய குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாரம் ஆறு நாள் தொடாததால் நீங்கள் அடிமை இல்லை, சரி. ஞாயிறு விடியற்காலையில் எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அடிமைகள் இல்லை. 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி, அதில் அடிமையானவர்கள் 2.9 கோடி. மிச்சப் பாதிப் பேர் அடிமையாகாமலேயே கெட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மாலை போட்டு 48 நாள் தொடாமல் இருந்து, மாலை கழற்றிய அன்றைக்கே ஆரம்பித்துப் பத்து நாள் எழுந்திருக்காமல் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். "நான் நினைச்சா நிறுத்திடுவேன், பாத்தீங்கல்ல" என்பார்கள். நிறுத்துவது அவர்களுக்குக் கஷ்டமே இல்லை, மறுபடி தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். சாமி பேரில் கயிறு கட்டுவதையும் சத்தியம் செய்வதையும் நான் குறை சொல்ல மாட்டேன், அதில் மீண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காலையில் ஊற்றினால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவரைக் கயிறு கட்டி ஒரே நாளில் நிறுத்த வைப்பது ஆபத்து.

அதைவிட எனக்குக் கோபம் வருவது, "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்" என்று விற்கிற மாத்திரைகள் மேல். குழம்பில் கலந்து கொடுக்கிறார்கள். அது டைசல்பிராம் என்ற குடி நிறுத்தும் மருந்தாக இருந்தால், அதன் மேல் குடித்தவருக்கு முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. அக்கா, உங்கள் வேதனை தெரிகிறது, ஆனாலும் கலக்காதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது, காசு கிடையாது. போன் செய்து கேட்க 14446. போகும் முன் வீட்டில் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். காலையில் கை நடுங்குகிறதா, குடித்ததும் அது நிற்கிறதா? ராத்திரி தூக்கத்துக்காகவா, வலிக்காகவா, சேர்ந்து குடிக்க ஆள் இருப்பதாலா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? ஒருமுறை வந்திருந்தாலும் வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்க வேண்டாம், படுக்கை கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.