தட்டு காலியாகத் திரும்பியது

(கொல்கத்தா, எல்ஜின் சாலை, நேதாஜி பவன். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் காரின் முன், ஓய்வுபெற்ற ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவரும் அவர் மனைவியும்.)

கணவர்: இதுதான் அந்த வாண்டரர். ஜெர்மனிக் கார். பி.எல்.ஏ. 7169.

மனைவி: வந்ததும் நம்பரைத்தான் படிப்பீர்கள். பிரீமியம் கட்டியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

கணவர்: 1941 ஜனவரி 16, நள்ளிரவு தாண்டி நேதாஜி இதில்தான் கிளம்பினார். ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர். வெளியே மஃப்டி போலீஸ் காவல்!

மனைவி: அத்தனை பேரும் தூங்கிவிட்டார்களா?

கணவர்: வேடம் போட்டிருந்தாரே! தாடி, தொப்பி, முகம்மது ஜியாவுதீன் என்று பெயர். தொழில் என்ன தெரியுமா? (நெஞ்சை நிமிர்த்துகிறார்) ஆயுள் காப்பீட்டு இன்ஸ்பெக்டர்! விசிட்டிங் கார்டுகூட அச்சடித்து வைத்திருந்தார்கள். எத்தனையோ தொழில் இருக்க, நம் தொழிலைத் தேர்ந்தெடுத்தார்.

மனைவி: இன்ஷ்யூரன்ஸ்காரர் எதிரே வந்தால் உறவினர்களே தெரு மாறிப் போவார்கள். போலீஸ்காரர் மட்டும் நின்று உற்றுப் பார்ப்பாரா?

கணவர்: கேலி செய்யாதே. மறுநாள் தன்பாத் பக்கம் சிசிரின் அண்ணன் வீட்டுக்குப் போனார். வேலைக்காரர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே! அதனால் முன்பின் தெரியாத ஏஜென்ட் மாதிரி வாசலில் நின்றார். சிசிரின் அண்ணனும் வேலைக்குக் கிளம்புவதாகவும், சாயங்காலம் பேசலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

மனைவி: உங்கள் தம்பி முப்பது வருடமாக உங்களிடம் அதைத்தான் சொல்கிறார். அவர் நடிக்கவில்லை.

(மாடி. நேதாஜியின் அறை. அவர் வெளியேறிய வழியைத் தரையில் பாதச்சுவடுகள் காட்டுகின்றன.)

கணவர்: அன்றிரவு கோமோ ஸ்டேஷனில் கால்கா மெயிலைப் பிடித்தார். 2021இல் அந்த ரயிலுக்கே நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் பெரிய சூட்சுமம் இந்த அறையில்தான் இருக்கிறது. யாரையும் பார்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். சாப்பாட்டைத் திரைக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். அவர் போன பிறகும் தட்டு உள்ளே போயிற்று, காலியாகத் திரும்பியது!

மனைவி: யார் சாப்பிட்டார்கள்?

கணவர்: வீட்டுப் பிள்ளைகள்தான். 26ஆம் தேதி வரைக்கும் யாருக்கும் தெரியாது. (குரலைத் தாழ்த்தி) இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தட்டை முழுக்கக் காலி செய்துவிடக்கூடாது. ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். அப்போதுதான் நம்புவார்கள்.

மனைவி: அப்படி இங்கே எங்கே எழுதியிருக்கிறது?

கணவர்: எழுதவில்லை... பொதுவாகச் சொன்னேன்.

மனைவி: தினமும் சாயங்காலம் உங்கள் கேழ்வரகு அடையில் ஓரமாக ஒரு துண்டு மிச்சம் இருக்கும்.

கணவர்: அந்தப் படத்தைப் பார். காந்தியும் நேருவும் இந்த வீட்டுக்கு...

மனைவி: படம் இருக்கட்டும். அவர் போன பிறகு அறையில் விளக்கு எரிந்ததா?

கணவர்: ஒரு மணி நேரம் எரியவிடச் சொல்லியிருந்தார்.

மனைவி: நீங்கள் மின்விசிறியை ஓடவிடுவீர்கள். அறையில் ஆள் இருக்காது. கேட்டால் நடைப்பயிற்சி. சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் மூன்று முறை மாத்திரையை மாற்றினார், பாவம். அடையைச் சாப்பிட்டது பேரனா?

கணவர்: நாட்டுக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைத்த இடத்தில் நின்றுகொண்டு அடையைப் பற்றி...

மனைவி: அவர் பெஷாவர் வழியாகக் காபூலுக்குப் போனார். நீங்கள் எந்த வழியாக எங்கே போனீர்கள்?

கணவர்: முக்குக் கடைக்கு. வாரத்துக்கு ஒருநாள். ஒரே ஒரு வாழைக்காய் பஜ்ஜி.

மனைவி: பேரனுக்கு எவ்வளவு?

கணவர்: இருபது ரூபாய்.

(மனைவி விறுவிறுவென்று வெளியே போய்க் கைப்பேசியை எடுக்கிறார். கணவர் பின்னாலேயே ஓடுகிறார்.)

மனைவி: கண்ணா, பாட்டி பேசுகிறேன். தாத்தா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார்... ஆமாம், எல்லாவற்றையும்... அப்படியா? சரி, வைத்துவிடு.

கணவர்: என்ன சொன்னான்?

மனைவி: பஜ்ஜியை மட்டும் சொன்னாரா, ஜாங்கிரியையும் சொன்னாரா என்று கேட்கிறான்.