கஹோரில் சும்மா இருந்த கதை

(பிரான்சின் லெ புய் ஊரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதையில் 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து முடித்திருக்கும் அண்ணியும் நாத்தனார் லூர்துவும், இருவருமே பாரீஸ் புறநகர்வாசிகள். லொத் நதி மூன்று பக்கமும் வளைந்தோடும் கஹோர் நகரில் இன்று ஓய்வு நாள். சனிக்கிழமை காலை.)

அண்ணி: லூர்து, இன்றைக்கு நான் நடப்பதாக இல்லை. இப்போதே சொல்லிவிட்டேன்.

லூர்து: நடக்கவே வேண்டாம் அண்ணி. ஊரைச் சும்மா சுற்றிப் பார்ப்போம், அவ்வளவுதான்.

அண்ணி: எதை வைத்துச் சுற்றுவது? கண்ணை மட்டும் கழற்றி உன்னோடு அனுப்பட்டுமா?

லூர்து: விடுதியில் காலையிலேயே வெளியே போகச் சொல்லிவிட்டார்களே. இனி மூன்று மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். அதுவரை எங்கே போய்ப் படுப்பீர்கள்?

அண்ணி: நல்ல ஓய்வு நாள்! நடக்கிற நாளிலாவது மத்தியானம் மரத்தடியில் கொஞ்சம் கண் அசரலாம்.

(பேராலயத்தின் முன்னால் சந்தை. லூர்து இரண்டு நிமிடம் திரும்பியிருந்த நேரத்தில் அண்ணியின் கையில் பைகள்.)

லூர்து: என்ன அண்ணி இது?

அண்ணி: ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ். வட்ட வட்டமாக எவ்வளவு சின்னதாக இருக்கிறது பார். அப்புறம் இரண்டு கிலோ வால்நட். அப்புறம் இந்த ஊர் வைன், மால்பெக் திராட்சையாம், கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் கறுப்பாகவே தெரியுமாம்.

லூர்து: எடையைக் குறைக்கிறேன் என்று பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தவர் நீங்கள். என் சோப்பைக்கூடத் துண்டு போட்டீர்கள்!

அண்ணி: அது என் முதுகு. இதை நீதானே தூக்கப்போகிறாய்.

(பேராலயத்துக்குள். நடுவில் தூணே இல்லாத கூடம், தலைக்கு மேல் பிரம்மாண்டமான இரண்டு குவிமாடங்கள். அண்ணி முதலில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைத் தளர்த்துகிறார். குதிகாலில் ஒட்டிய பிளாஸ்திரி சாக்ஸோடு சேர்ந்து பாதி உரிந்து வந்திருக்கிறது.)

லூர்து: அண்ணி, மேலே பாருங்கள். கிறிஸ்துவுக்காக உயிர்விட்ட புனித முடியப்பரைக் கல்லால் அடித்துக் கொல்கிற ஓவியம், சுற்றிலும் எட்டு தீர்க்கதரிசிகள். 14-ஆம் நூற்றாண்டில் வரைந்தது.

அண்ணி: ம்...

லூர்து: செபமா, தூக்கமா?

அண்ணி: கண் மூடியிருந்தால் இரண்டும் ஒன்றுதான். பேசாமல் போ.

(அரை மணி நேரம் கழித்து, கம்பெத்தா பெருவீதி.)

லூர்து: கம்பெத்தா இந்த ஊர்க்காரர்தான், 1838-இல் பிறந்தவர். 1870-இல் பிரஷ்யப் படை பாரீஸை முற்றுகையிட்டபோது பலூனில் ஏறித் தப்பிப் போனாரே, அந்த அரசியல் தலைவர்.

அண்ணி: பலூனிலா? பார், இந்த ஊரில் விவரமான ஆள் யாரும் நடந்து போகவில்லை.

லூர்து: இன்னும் கொஞ்ச தூரம்தான். வலாந்த்ரே பாலத்தை மட்டும் பார்த்துவிட்டால் போதும்.

(அண்ணியின் 'கொஞ்ச தூரமும்' லூர்துவின் 'கொஞ்ச தூரமும்' வேறு வேறு என்பது இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று கோபுரங்களோடு பாலம் ஆற்றின் மேல் நிற்கிறது.)

லூர்து: 1308-இல் ஆரம்பித்து, முடிக்க 70 வருடம் ஆனதாம். வேலை இழுத்துக்கொண்டே போகிறதே என்று மேஸ்திரி சாத்தானோடு ஒப்பந்தம் போட்டாராம். சொன்ன வேலையெல்லாம் சாத்தான் செய்ய வேண்டும், கூலி மேஸ்திரியின் ஆன்மா. பாலம் முடிகிற சமயத்தில், "ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுவா" என்று ஒரு சல்லடையைக் கையில் கொடுத்தாராம்.

அண்ணி: அடப்பாவி! வேலையை வாங்கிக்கொண்டு கூலியை ஏமாற்றியது மேஸ்திரி, கெட்ட பெயர் மட்டும் சாத்தானுக்கா?

லூர்து: அந்தக் கோபத்தில் நடுக் கோபுரத்து மூலைக்கல்லைத் தினமும் ராத்திரி வந்து பிடுங்கிப் போட்டுவிடுமாம். 1879-இல் பாலத்தைப் பழுதுபார்த்தபோது, கல்லைப் பிடுங்குகிற மாதிரியே சாத்தான் சிலை ஒன்றை அங்கே வைத்துவிட்டார்கள். அதோ, உச்சியில்.

அண்ணி: (கழுத்தை வளைத்துப் பார்த்து) அதற்கும் இன்றைக்கு ஓய்வு கிடையாது போலிருக்கிறது. சரி, இந்தச் சிவப்பு வெள்ளைக் கோடு இங்கேயும் ஏன் இருக்கிறது? நம் பாதையின் குறிதானே இது?

லூர்து: ஆமாம், நாளைக்கு இந்தப் பாலத்தைத் தாண்டித்தானே ஊரைவிட்டுப் போகிறோம். அந்தக் கரையில் தெரிகிறதே, அந்த மேட்டில் ஏற வேண்டும்.

அண்ணி: என்ன சொன்னாய்? நாளைக்கு எப்படியும் வரப்போகிற பாலத்துக்கா இன்றைக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தாய்?

லூர்து: அது வந்து... நாளைக்கு நின்று பார்க்க நேரம் இருக்காதே அண்ணி. வாருங்கள், விடுதிக்குப் போகலாம். கொஞ்ச தூரம்தான்.

அண்ணி: நீ போ. நான் இங்கேயே இருக்கிறேன். காலையில் என் பையையும் தூக்கிக்கொண்டு வந்து கூப்பிடு.

லூர்து: அய்யோ! அப்படியானால் இந்த வால்நட்டை என்ன செய்வது?

அண்ணி: இங்கே வை. ராத்திரி பசிக்கும். சாத்தானும் வருமே, கல்லை வைத்து உடைத்துக் கொடுக்கட்டும்.